கல்லில் குடைந்த நகரம் மத்தேரா

இத்தாலி நாட்டின் வடிவத்தைக் காலணிக்கு ஒப்பிடுவது பள்ளிச் சிறுவரும் அறிந்த வழக்கம். அக்காலணியின் குதிகாலுக்கும் விரல் நுனிக்கும் இடையே உட்குழிந்து கிடக்கும் பகுதிதான் பசிலிக்காத்தா மாநிலம். லூக்கானியா என்பது அதன் பழம்பெயர். கடலோரச் செழிப்பும் பெருநகர் வாணிபமும் குறைந்த, குன்றுகளும் களிமண் சரிவுகளும் நிறைந்த இந்நிலப்பகுதியில், கிராவினா என்னும் ஆழ்ந்த பள்ளத்தின் விளிம்பில் அமைந்துள்ளது மத்தேரா. மனிதர் இடையறாது வாழ்ந்து வந்த மிகப் பழைய ஊர்களின் வரிசையில் வைத்து எண்ணப்படும் இந்நகரம், ஐம்பதாண்டு இடைவெளிக்குள் ஒரு நாட்டின் வெட்கக்கேடு என்றும் மனித குலத்தின் செல்வம் என்றும் இருவேறு பெயர்களைப் பெற்றது.

பாரி துறைமுகத்திலிருந்து குறுகிய இருப்புப்பாதையில் ஓடும் சிறு வண்டி பயணிகளை மத்தேராவுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. 2019ஆம் ஆண்டில் இந்நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கியபோதுகூட நாட்டின் பெரிய இருப்புப்பாதை அங்கு வந்தடைந்திருக்கவில்லை என்பதை நோக்க, தென்னித்தாலி எவ்வளவு காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது என்பது தெற்றென விளங்கும்.

வண்டியை விட்டு இறங்குபவர் முதலில் காண்பது குகைகளை அல்ல. அகன்ற தெருக்களும், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைகளும், அழகிய முகப்புடைய தேவாலயங்களும் கொண்ட மேட்டு நகரமே முதலில் கண்ணிற் படும். 1747இல் நிறைவுற்ற உத்தரிப்புத் தலத்துத் தேவாலயம் அவற்றுள் ஒன்று. அதன் கதவிலும் முகப்பிலும் மண்டையோடுகள் செதுக்கப்பட்டுள்ளன. இம்மாளிகைகள் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. இரு கட்டடங்களுக்கு இடையேயுள்ள ஒரு வளைவினூடே எட்டிப் பார்த்த பின்னரே காலடியில் மற்றொரு நகரம் கிடப்பது தெரியும். செல்வர் தம் வீடுகளைக் கட்டியபோது வறியவரின் வாழ்விடம் கண்ணில் படாதவாறு கட்டினார்களோ என்று ஐயுறத் தோன்றும்.

கீழே கிடக்கும் அந்நகரத்துக்குச் 'சாஸ்ஸி' என்று பெயர். இத்தாலிய மொழியில் 'சாஸ்ஸோ' என்பது கல். 'சாஸ்ஸி' அதன் பன்மை. ஊரின் பெயரே 'கற்கள்' என்பதாம். பாதியாகப் பிளந்த இரு புனல்களை அருகருகே சாய்த்து வைத்தாற்போல் இரு சரிவுகள் உள்ளன. வடபாலுள்ளது சாஸ்ஸோ பாரிசானோ. தென்பாலுள்ளது சாஸ்ஸோ கவேயோசோ. இரண்டுக்கும் நடுவே சீவித்தா என்னும் பாறை முனை உயர்ந்து நிற்க, அதன் உச்சியில் 1270இல் கட்டி முடிக்கப்பட்ட பேராலயம் கோபுரத்துடன் காட்சியளிக்கின்றது. ஒரு வீட்டின் கூரை மேல்வரிசை வீட்டுக்குத் தெருவாகவும், அத்தெரு அடுத்த வீட்டுக்கு முற்றமாகவும் அமைய, எது தரை எது கூரை என்று புதியவர் மயங்குவர்.

பாறையும் மனிதரும்

மத்தேராவின் வரலாற்றுக்கு முதற்காரணம் அங்குள்ள பாறையே ஆகும். அடித்தளத்தில் கடினமான பழைய சுண்ணாம்புக் கல்லும், அதன்மீது மென்மையான மணற்பாங்குடைய சுண்ணாம்புக் கல்லும் படிந்துள்ளன. மக்கள் இம்மென்கல்லைத் 'தூஃபோ' என்பர். உண்மையில் அப்பெயர் எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லுக்கே உரியது. மத்தேராவின் கல்லோ பழங்கடலின் அடியில் சிப்பிகளும் மணலும் படிந்து உருவானது. உற்று நோக்கினால் வீட்டுச் சுவர்களிலேயே சிப்பிகளின் தடத்தைக் காணலாம். வெட்டும்போது எளிதில் இடங்கொடுத்து, காற்றுப் பட்டபின் சற்றே இறுகும் தன்மை இக்கல்லுக்கு உண்டு. சிறு கோடரி ஒன்றே போதும். ஒரு குடும்பம் தன் வீட்டைத் தானே குடைந்துகொள்ளலாம்.

பள்ளத்துக்கு எதிர்க்கரையிலுள்ள மூர்ஜியா மேட்டுநிலத்தில் புதிய கற்கால மக்கள் பாறையில் அகழி வெட்டி, அதன் நடுவே ஊரமைத்து வாழ்ந்தனர். அவற்றை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர் தொமேனிக்கோ ரிதோலா. 1841இல் பிறந்து 1932இல் மறைந்த இவர் தொழிலால் மருத்துவர். நாட்டின் மேலவையிலும் இடம்பெற்றவர். தாம் திரட்டிய தொல்பொருள்கள் யாவற்றையும் 1911இல் அரசுக்கு வழங்கினார். பழைய கன்னியர் மடம் ஒன்றில் அமைந்துள்ள அவர் பெயராலான அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். அருகிலுள்ள செர்ரா தால்ட்டோ குன்றில் கிடைத்த வண்ணந் தீட்டிய மட்கலங்கள் தென்னித்தாலியத் தொல்லியலில் ஒரு தனி வகைக்கே பெயர் தந்துள்ளன. மத்தேராவின் தொன்மையைப் பற்றிப் பேசுவோர் பலர் குகை வீடுகள் அனைத்துமே கற்காலத்தவை என எண்ணிவிடுகின்றனர். அது பிழை. ஊர் தொன்மையானது, இன்று காணும் குகைகளிற் பெரும்பாலானவை இடைக்காலத்திலும் அதன் பின்னரும் வெட்டப்பட்டவையே.

ஒரு வீடு உருவாகும் முறை எளிமையானது. சரிவில் இயற்கையாக அமைந்த குழிவை முதலில் உள்நோக்கி அகழ்வர். வெட்டியெடுத்த கல்லை எறிந்துவிடுவதில்லை. அதனையே செங்கல்போல் சதுரமாக அறுத்து, குகையின் வாயிலுக்கு முன்னால் வளைகூரையுடைய அறை ஒன்று கட்டுவர். உள்ளே வெற்றிடம் பெருகப் பெருக வெளியே கட்டடம் வளரும். குகைகளை உட்புறம் கீழ்நோக்கிச் சாய்வாக அகழ்ந்தமையால், குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் உள்மூலை வரை பாயும் என்றும், கோடையில் உயர்ந்த கதிரவனின் ஒளி வாயிலோடு நின்றுவிடும் என்றும் கட்டடக் கலைஞர் பியேத்ரோ லவுரேயானோ விளக்கியுள்ளார். பல வீடுகள் கிணறு ஒன்றைச் சூழ்ந்த முற்றத்தை நோக்கித் திறந்திருக்கும். 'விச்சினாத்தோ' எனப்படும் இம்முற்றமே மக்களின் உண்மையான ஊர். துணி துவைத்தல், குழந்தை வளர்த்தல், நோயாளியைப் பார்த்தல், பெண்கேட்டல், சண்டையிடல் எல்லாம் அங்கேயே நிகழ்ந்தன.

ரொட்டி சுடுதலும் பொதுவே. வீட்டில் பிசைந்த மாவைப் பொது அடுப்புக்கு அனுப்பும்போது எது யாருடையது என்று அறிய வேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வொரு குடும்பமும் மரத்திற் செதுக்கிய முத்திரை ஒன்றை வைத்திருந்தது. தலைவரின் பெயரெழுத்துகளை அதில் வெட்டி, மாவில் அழுத்தி அனுப்புவர். முத்திரையின் கைப்பிடி சேவலாகவோ மனித உருவாகவோ செதுக்கப்பட்டிருக்கும். மேய்ப்பர் மலைமேல் தனித்திருந்த பொழுதுகளில் செதுக்கிய அம்முத்திரைகள் அருங்காட்சியகத்தில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாத மக்கள் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் நாள்தோறும் ரொட்டியில் பதித்து வந்தனர் என்பது எண்ணத்தக்கது.

நீர் நிருவாகத்திலேதான் மத்தேரா மக்களின் திறம் முழுவதும் வெளிப்படுகின்றது. ஆறு பள்ளத்தின் அடியில் ஓடுகிறது; அதிலிருந்து நீர் சுமந்து ஏறுதல் இயலாத காரியம். ஆகவே மழைநீரையே நம்பினர். கூரைகளில் விழும் துளியெல்லாம் சுடுமண் குழாய்களாலும் கல்லில் வெட்டிய கால்களாலும் நிலத்தடித் தொட்டிகளுக்குச் சென்றது. தொட்டிகள் குடுவை வடிவின. மட்பாண்டத் தூள் கலந்த சுண்ணச் சாந்து பூசி நீர் கசியாமற் காத்தனர். இவற்றுள் மிகப் பெரியது 'பாலொம்பாரோ லுங்கோ'. நகரின் நடுச் சதுக்கத்தின் கீழ், பேராலயம் ஒன்று நிலத்தில் புதைந்தாற்போல் உயர்ந்த தூண்களுடன் அமைந்த இத்தொட்டி ஏறத்தாழ 50 இலட்சம் லிட்டர் நீர் கொள்ளும். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. 1920களில் புலியா மாநிலத்துக் குழாய் நீர் வந்ததும் இதனை மறந்தனர். பலர் நாள்தோறும் நடந்து சென்ற சதுக்கத்தின் கீழே இத்தகைய பெருந்தொட்டி உண்டென்பது 1991இல் தான் மீண்டும் தெரியவந்தது.

குடைவரைத் தேவாலயங்கள்

மத்தேரா நகரிலும் எதிரேயுள்ள மூர்ஜியாவிலும் பாறையைக் குடைந்து அமைத்த தேவாலயங்கள் 150க்கும் மேற்பட்டவை உள்ளன. இவற்றை அமைத்தவர் யாவர் என்பது நெடுநாள் வழக்கு. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் திருவுருவ வழிபாட்டைத் தடுத்தபோது, கீழைநாடுகளிலிருந்து ஓடிவந்த பசீலியத் துறவியரே இவற்றைக் குடைந்தனர் என்று முற்கால ஆராய்ச்சியாளர் எழுதினர். கதை கேட்பதற்கு இனிமையானது. எனினும், கல்லில் உள்ள சான்றுகள் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. இலத்தீன் வழிபாட்டைச் சார்ந்த பெனெதித்தத் துறவியரும் கன்னியரும் இங்கு வாழ்ந்தனர். லொம்பார்தியரின் பெனெவெந்தோ ஆட்சியும் பைசாந்திய ஆட்சியும் மாறி மாறி நிலவிய எல்லை நாடு இது. 867இல் சரசேனியரை வெளியேற்ற வந்த பேரரசர் இரண்டாம் லூயியின் படை நகரையே தீக்கிரையாக்கியது; பதினோராம் நூற்றாண்டில் நார்மானியர் கைப்பற்றினர். சுவர்களில் கிரேக்க எழுத்தும் இலத்தீன் எழுத்தும் அருகருகே காணப்படுகின்றன. பல கோயில்கள் துறவியருக்கென அன்றி, உழவரும் மேய்ப்பரும் தம் ஊர்த்தேவைக்கென அமைத்துக் கொண்டவையே என்பது பிற்கால அறிஞர் கொள்கை. அதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இக்கோயில்களுள் நுழைபவர் முதலில் வியப்பது ஒன்றுண்டு. பாறைக்குள் தூணோ வளைவோ தேவையில்லை; மேலுள்ள கல் தானே நிற்கும். ஆயினும் சிற்பிகள் தூண்களை விட்டுக் குடைந்தனர். தூண்களுக்கிடையே வளைவுகளை வெட்டினர். கூரையில் குவிமாடத்தின் வடிவைக் கவிழ்த்த கிண்ணம்போற் செதுக்கினர். கட்டடம் கட்டுபவன் கல்லின்மேல் கல்லை அடுக்குகிறான். இவர்களோ வேண்டாத கல்லை நீக்கி வேண்டிய கோயிலை எஞ்ச வைத்தனர். இங்கே தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லை. கட்டிய கோயிலைப் பார்த்தவர் அதே கோயிலைப் பாறைக்குள்ளும் விரும்பினர் போலும்.

சாஸ்ஸோ கவேயோசோவின் மேல் மோந்தெர்ரோனே என்னும் தனிப் பாறை கூம்புபோல் எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் உள்ளது சாந்தா மரியா தெ இத்ரிஸ். 'இத்ரிஸ்' என்பது வழிகாட்டும் அன்னை எனப் பொருள்படும் ஓதிகித்ரியா என்னும் கிரேக்கப் பெயரின் சிதைவு என்பர் சிலர். நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். மழையை எதிர்நோக்கியே வாழ்ந்த ஊரில் இரண்டாவது பொருளும் மக்கள் மனத்துக்கு உகந்ததே. கோயிலின் ஒரு பகுதி கட்டப்பட்டது, மறுபகுதி குடையப்பட்டது. உள்ளிருந்து குறுகிய வழியொன்று அருளப்பர் குகைக் கோயிலுக்கு இட்டுச் செல்லும். அங்குள்ள ஓவியங்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரை வெவ்வேறு காலத்தவர் தீட்டியவை.

சற்றுத் தள்ளி அமைந்துள்ள சாந்தா லூச்சியா ஆல்லே மால்வே பெனெதித்தக் கன்னியரின் முதற் குடியிருப்பாகும். எட்டாம் நூற்றாண்டில் தோன்றிய இம்மடத்தை விட்டுக் கன்னியர் 1283இல் வேறிடம் பெயர்ந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சுவரோவியத்தில் கன்னி மரியாள் குழந்தைக்குப் பால் கொடுக்கின்றாள். அரசியாக அன்றி, முற்றத்தில் அமர்ந்திருக்கும் தாயாக அவளைக் காட்டிய ஓவியன் இவ்வூர் மக்களின் வாழ்வை அறிந்தவனாக இருத்தல் வேண்டும். மூன்று பிரிவுகள் கொண்ட இக்கோயிலில் வலப்புறப் பிரிவு மட்டுமே வழிபாட்டுக்கு எஞ்சியது. மற்ற இரண்டும் பிற்காலத்தில் வீடாகவும் பண்டசாலையாகவும் மாற்றப்பட்டன. தேவதூதர் மிக்கேலின் ஓவியத்தினருகே அடுப்புப் புகையும் தானியக் குவியலும் இருந்த காலம் ஒன்றுண்டு.

பாரிசானோ பகுதியிலுள்ள புனித இராயப்பர் கோயில் நகரின் குடைவரைக் கோயில்களுள் பெரியது. 1755இல் அதற்குக் கட்டப்பட்ட முகப்பைக் கண்டவர் உள்ளே பாறைக் குகை இருக்கும் என்று எதிர்பார்க்கமாட்டார். அதன் நிலவறையில் சுவரைச் சுற்றி இருக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. இறந்த குருக்களின் உடல்களை ஆடை அணிகளுடன் அவ்விருக்கைகளில் அமர்த்தி, ஊன் கழிந்து எலும்பு மட்டும் எஞ்சும்வரை விட்டுவைப்பது அக்கால வழக்கம்.

நகருக்கு அப்பால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், ஒரு பள்ளத்தின் செங்குத்தான பக்கத்தில் மற்றொரு குகை உள்ளது. நெடுங்காலம் மேய்ப்பர் ஆடுகளை அடைத்து வைத்த இடம். நூறு புனிதர் குகை என்று மட்டும் அவர்கள் அதனை அறிவர். 1963ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்தேரா இளைஞர் சிலர் அதனைக் கண்டறிந்தனர். புகையும் பாசியும் படிந்த சுவரில் ஆதி மனிதரின் கதை தீட்டப்பட்டிருந்தது. இருளும் ஒளியும் மனித உருவில் நிற்கின்றன. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் எழுகின்றாள். பாம்பு மரத்தைச் சுற்றியுள்ளது. அம்மரம் ஆப்பிள் மரமன்று, அத்தி மரம்! தரையெங்கும் வெண்மையான நிலத்தில் செந்நிறப் பூக்கள். ஓவியனின் பெயர் தெரியாமையால் அவனை 'மத்தேராவின் மலர் ஓவியன்' என்றே அறிஞர் வழங்குகின்றனர். காலம் எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு. முதற்பாவக் குகை என்று இப்போது பெயர் பெற்றுள்ள இது, பழுது நீக்கப்பட்டு 2005இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

வீழ்ச்சி

மத்தேரா எப்போதும் வறிய ஊராக இருந்ததில்லை என்பதை இங்கு வற்புறுத்தல் வேண்டும். 1514ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில், வரிமேல் வரி விதித்த கோமகன் ஜான்கார்லோ திரமோந்தானோவைப் பேராலய வாயிலருகே மடக்கிக் கொன்ற மக்கள் இவர்கள். அவன் தொடங்கிய கோட்டை முற்றுப் பெறாமலே இன்றும் நிற்கிறது. கொலை நிகழ்ந்த சந்துக்கு மீட்புத் தெரு என்று பெயர் வைத்துள்ளனர். 1663 முதல் 1806 வரை பசிலிக்காத்தாவின் தலைநகரம் மத்தேராவே. 1806இல் ஜோசப் பொனபார்த்தின் ஆட்சி தலைமையிடத்தைப் பொத்தென்சாவுக்கு மாற்றியது. அதிகாரிகளும் வழக்கறிஞரும் வணிகரும் அகன்றனர். தேவாலய நிலங்கள் பறிக்கப்பட்டுச் சிலர் கையில் குவிந்தன. ஆடு வளர்ப்புத் தொழில் நலிந்தது. நிலமற்ற உழவர் தொகை மட்டும் பெருகிக்கொண்டே சென்றது.

பெருகியவர்க்கு இடம் எங்கே? தொழுவத்தில் மனிதர் குடியேறினர், பிறகு தானியக் கிடங்கில், பிறகு கோயிலில், முடிவில் வற்றிய நீர்த்தொட்டியையும் வீடாக்கினர். சன்னல் இல்லாத ஒற்றை அறையில் பத்துப் பேர், அவர்களோடு கோவேறு கழுதை, பன்றி, கோழி. கழுதை உழவனின் முதலீடு. அதனை வெளியே கட்டிவைக்கத் துணியான். அதன் உடற்சூடு குளிர்காலத்தில் குடும்பத்துக்கும் பயன்பட்டது. சோளத் தோகை திணித்த மெத்தை தரையின் ஈரத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்; கட்டிலின் கீழ் கோழிகள்; கைக்குழந்தைக்கு அலமாரியின் இழுப்பறையே தொட்டில். மழைநீரையும் கழிவையும் கொண்டு சென்ற இரு பெரிய ஓடைகளை 1930களில் மூடி மேலே சாலை போட்டனர். நூற்றாண்டுகளாக இயங்கிய நீர் ஒழுங்கு அத்துடன் சிதைந்தது.

ஆகவே, 'கற்காலத்திலிருந்து மாறாத வாழ்வு' என்று பயணிகள் சிலர் எழுதியது வரலாற்றுக்கு முரணானது. மத்தேராவின் துன்பம் தொன்மையின் எச்சமன்று. கடைசி இருநூறு ஆண்டுகளின் விளைவு.

இந்நிலையை உலகுக்கு உரைத்தவர் கார்லோ லேவி. தூரின் நகரத்தவர், மருத்துவம் கற்று ஓவியரானவர். முசோலினி ஆட்சியை எதிர்த்தமைக்காக 1935, 1936ஆம் ஆண்டுகளில் லூக்கானியாவில் காவலில் வைக்கப்பட்டார். 1945இல் அவர் வெளியிட்ட 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்னும் நூலில், மருத்துவரான தம் சகோதரி மத்தேராவிற் கண்டதை எடுத்துரைக்கின்றார். தாந்தே பாடிய நரகத்தின் வடிவைச் சாஸ்ஸியின் சரிவுகளில் அவர் காண்கிறார். கண்ணோயால் இமை வீங்கிய குழந்தைகள், முறைக்காய்ச்சலால் வற்றிய உடல்கள், வந்தவரின் பின்னே ஓடிக் கொயினா கேட்ட சிறுவர் என்று அவர் தீட்டிய காட்சி இத்தாலியரை உலுக்கியது. 1948இல் இங்கு வந்த பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொக்லியாத்தி இதனை நாட்டின் வெட்கக்கேடு என்றார். 1950இல் தலைமை அமைச்சர் தெ காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் 619ஆம் எண் சட்டம் பிறந்தது. சாஸ்ஸியிலிருந்து மக்களை வெளியேற்றிப் புது வீடுகளிற் குடியேற்றுவதே அதன் நோக்கம்.

நகர மக்களில் ஏறத்தாழப் பாதியினர், அதாவது 15,000 பேர், இவ்வாறு பெயர வேண்டியவராயினர். இத்துணைப் பெரிய வேலையைச் செய்யுமுன் மக்களைப் பற்றி அறிய முயன்றவர்களும் இருந்தனர். 1951இல் அமைந்த ஆய்வுக் குழுவில் மெய்யியலறிஞர் பிரீட்ரிக் பிரீட்மன் முதலியோர் பணியாற்றினர். தொழிலதிபர் அத்ரியானோ ஒலிவெத்தி அதற்கு ஊக்கமளித்தார். வீடு வேண்டும்; ஆனால் முற்றத்து உறவு அழியலாகாது என்பது அவர்கள் கருத்து. அதனை மனத்திற்கொண்டு கட்டடக் கலைஞர் லுதோவிக்கோ குவாரோனியும் அவர்தம் தோழரும் நகருக்கு வெளியே லா மர்த்தெல்லா என்னும் சிற்றூரை வரைந்தனர். 1953இல் அது திறக்கப்பட்டது. அங்கே கழுதைக்குத் தனித் தொழுவம். ஆனால் வீட்டை ஒட்டியே. வீதிகளும் முற்றங்களை நினைவூட்டுமாறு வளைந்தன. எண்ணம் சிறந்தது, எனினும் உழவருக்குப் போதிய நிலம் கிட்டவில்லை, ஊருக்கு வேண்டிய வசதிகளும் காலத்தில் வந்து சேரவில்லை. பலர் கட்டடத் தொழிலுக்கும் வட இத்தாலிக்கும் சென்றனர். எஞ்சியோர் செர்ரா வெனெர்தி, ஸ்பீனே பியாங்கே முதலிய புதிய பேட்டைகளிற் குடியேற்றப்பட்டனர்.

வெளியேற்றம் 1960களின் இறுதிவரை நீடித்தது. குடும்பம் வெளியேறிய உடனே வாயிலில் சுவரெழுப்பி அடைத்தனர், மீண்டும் எவரும் புகாதிருத்தற் பொருட்டு. குழாய் நீரும் மின்விளக்கும் கழிப்பிடமும் உள்ள வீடு கிடைத்தமைக்கு மகிழாதார் இலர். குழந்தைகள் பிழைத்தனர்; அது சிறிய பேறன்று. சாஸ்ஸியின் பழைய வாழ்வை இன்று அழகுபடுத்திப் பேசுவோர் இதனை மறத்தல் ஆகாது. ஆனால் வீட்டுக்கு வீடு கதவடைத்த மாடிக் குடியிருப்பில் முற்றம் இல்லை. குகைகளிற் பிறந்தோம் என்று சொல்லவும் பலர் நாணினர். வறுமையை நீக்க எழுந்த சட்டம், வறியவர் வாழ்ந்த ஊரையே குற்றவாளியாக்கியது. நெரிசலைக் குறைத்து, நல்ல குகைகளைத் திருத்தி, விரும்பியவரை அங்கேயே வாழ விட்டிருக்கலாமே என்னும் வினாவை அன்றே சிலர் எழுப்பினர், கேட்பாரில்லை.

வெறிச்சோடிய ஊரில் கூரைகள் இடிந்தன. கோயில்களிலிருந்து சிலைகள் களவாடப்பட்டன. சில ஓவியங்கள் சுவரோடு பெயர்க்கப்பட்டன. அப்போது மத்தேராவுக்கு உதவியவர் வெளியூர்ப் பேரறிஞர் அல்லர். 1959இல் உள்ளூர் இளைஞர் சிலர் 'லா ஸ்காலெத்தா' என்னும் பண்பாட்டுக் கழகத்தைத் தொடங்கினர். சிறு ஏணிப்படி என்பது அப்பெயரின் பொருள். பள்ளங்களில் இறங்கி, முட்புதர்களை விலக்கி, ஒவ்வொரு குகைக் கோயிலையும் தேடிப் பதிவு செய்தனர். 1966இல் அவர்கள் வெளியிட்ட நூலே மத்தேராவின் குடைவரைக் கோயில்களை ஆராய்வோர்க்கு அடிப்படையாயிற்று. முதற்பாவக் குகையைக் கண்டவர்களும் இவர்களே. அதே காலத்தில், 1964இல், இயக்குநர் பசோலினி மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியபோது சாஸ்ஸியை எருசலேமாகக் காட்டினார்.

1986ஆம் ஆண்டின் 771ஆம் எண் சட்டம் பழைய கொள்கையைத் தலைகீழாக்கியது. அரசுடைமையாகிவிட்ட குகைகளைப் பழுதுபார்த்துக் குடியேற விரும்புவோர்க்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடவும், செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கவும் அது வழி செய்தது. 1993இல் யுனெஸ்கோ நிறுவனம் சாஸ்ஸியையும் குடைவரைக் கோயில்கள் நிறைந்த மூர்ஜியாப் பகுதியையும் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. அதன்பின் வந்த மாற்றம் விரைவானது. விளக்குகள் எரிந்தன, படிகள் செப்பனிடப்பட்டன, உணவகங்களும் விடுதிகளும் தோன்றின. கன்னியர் மடமாயிருந்த மதோன்னா தெல்லே விர்த்து குகைகளில் சிற்பக் காட்சிகள் நடைபெறலாயின.

இன்று வீக்கோ சொலித்தாரியோ என்னும் சந்தில் ஒரு குகை வீட்டைப் பழைய பொருள்களுடன் அமைத்துக் காட்டுகின்றனர். உயர்ந்த கட்டில், தறி, நீர்த்தொட்டி, மூலையில் கழுதைக்கான இடம் எல்லாம் உண்டு. 1956 வரை ஒரு குடும்பம் அங்கு வாழ்ந்தது. நுழைவுக் கட்டணம் செலுத்தி வரிசையில் நிற்பவருள் வெளிநாட்டார் மட்டுமல்லர். லா மர்த்தெல்லாவிலிருந்தும் ஸ்பீனே பியாங்கேயிலிருந்தும் பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் முதியோரும் உண்டு. அவர்கள் பிறந்த குகைகளுட் பல இப்போது விடுதி அறைகள். குத்தகைக்கு எடுத்துப் பழுதுபார்க்கும் அளவுக்குப் பொருள் உடையவரே பெரும்பாலும் அங்குத் திரும்ப முடிந்தது. சாஸ்ஸியில் குடியிருப்போருக்கு எத்தனை வீடு, வந்து போவோருக்கு எத்தனை வீடு என்னும் பங்கீடு நகரில் ஓயாத வாதமாக உள்ளது. மாலையில் எதிர்க்கரையிலுள்ள மூர்ஜியாவில் நின்று பார்ப்பவருக்குச் சரிவு முழுவதும் மஞ்சள் விளக்குகள் மின்னும்; அவற்றுள் அடுக்களை விளக்கு எது, விடுதி விளக்கு எது என்று அங்கிருந்து தெரிவதில்லை.